அயல்மண்ணில் நம் ஜவான்: ஆதரவு என்றால் என்ன செய்வது?

வண்டிச்சோலை
டிசம்பர் 7, மாலை 6.20

படைவீரர் கொடி நாள் என்பதால் கேட்டுவிடுகிறேன். வெளிநாட்டுக்குப் போகும் ஜவானை ஆதரிப்பது என்றால், அங்கே அவன் என்ன செய்தாலும் அவன் பக்கம் நிற்பது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஜெனீவா, போர் விதி என்றெல்லாம் கணப்படுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, சண்டையில் நிற்பவனின் கையைக் கட்டுகிற வேலை. ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும், மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையமான எம்.ஆர்.சி.யும் இருக்கிற ஊர் இது. விவரம் தெரிந்தவர்கள் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். அண்ணன் மகன் மார்ச்சில் ஐ.நா. பணிக்குக் கிளம்புகிறான்.

ஜெகதளா
டிசம்பர் 7, இரவு 9.05

மறுப்பு இருக்கிறது. கையைக் கட்டுவது குழப்பமான உத்தரவு. எப்போது சுடலாம் என்று தெரிந்தவன் யோசிக்காமல் செயல்படுவான். தெரியாதவன் சுட வேண்டிய நேரத்தில் தயங்கிச் சாவான்; இல்லையென்றால் சுடக் கூடாத இடத்தில் பயந்துபோய்ச் சுடுவான். இரண்டுமே மேலே இருப்பவர்கள் வீட்டுப்பாடம் செய்யாததால் வருவது.

தெளிவான உத்தரவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பிளட்டூனின், அதாவது சிறு படைப்பிரிவின், ஓ குரூப்பைப் பாருங்கள். உத்தரவு சொல்லும் கூட்டம் அது. மணலில் செய்த நில மாதிரியான சேண்ட் மாடலைச் சுற்றி உட்காரவைத்து ஐந்து தலைப்பில் சொல்வார்கள். முதலில் நிலைமை: எதிரி யார், நம்மவர் எங்கே, ஊர் மக்கள் எங்கே. இரண்டாவது பணி. அதை ஒரே வாக்கியத்தில், மாற்றாமல், இரண்டு முறை சொல்ல வேண்டும். மூன்றாவது செயல்பாடு. நான்காவது சாப்பாடு, தண்ணீர், குண்டு, காயம்பட்டவனை எடுத்துப்போகும் வழி. ஐந்தாவது யார் தலைமை, அவர் விழுந்தால் அடுத்தது யார், வயர்லெஸ் எந்த அலைவரிசை. கடைசியில் கடிகாரத்தைச் சரிபார்ப்பது, கேள்விகள்.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். கையில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேலதிகாரியே எடுத்துக்கொண்டால், கீழே சிறு குழுவுக்குத் தலைவனான நாயக்குக்குத் தன் செக்‌ஷனைத் தயார்செய்ய நேரம் இருக்காது. இன்னொன்று, ‘புரிந்ததா?’ என்று கேட்டு ‘புரிந்தது சாப்’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்வது. கடைசி வரிசையில் இருக்கும் ஜவானை எழுப்பி, உன் வேலை என்ன, திருப்பிச் சொல் என்று கேட்க வேண்டும். அவன் தடுமாறினால் உத்தரவில் ஓட்டை இருக்கிறது.

ஜெகதளா
டிசம்பர் 7, இரவு 10.40

பிளட்டூனுக்குச் சொன்னது டெல்லிக்கும் பொருந்தும். பணியை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?

1971 வங்கதேசப் போரில் சொல்ல முடிந்தது. ஏப்ரலில் போ என்றபோது, படை தயாராக இல்லை, மழைக்காலம் வருகிறது, வடக்கே சீனா பக்கம் கணவாய்கள் திறந்திருக்கின்றன என்று பிரதமரிடமே மறுத்தவர் அன்றைய ராணுவத் தளபதி, பின்னாளில் நம் குன்னூரில் குடியிருந்த மானெக்‌ஷா. டிசம்பர் 3-ல் தொடங்கியது 16-ல் முடிந்தது. 1972 மார்ச் 12-ல் டாக்காவில் விடைபெறும் அணிவகுப்பு. பாகிஸ்தான் படை சரணடைந்த நாளிலிருந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இலங்கையில் 1987 ஜூலை 29-ல் ஒப்பந்தம். அமைதி காக்கவும் ஆயுதங்களை வாங்கிக்கொள்ளவும் போன படை, அக்டோபரில் ஆயுதம் தர வேண்டிய அதே விடுதலைப் புலிகளோடு சண்டை போட்டது. கடைசி அணி 1990 மார்ச் 24-ல் கப்பலேறியது. 32 மாதம், ஏறக்குறைய 1,200 உயிர். நடுவில் பணி மாறியது. மாறிய பணிக்கேற்ற ஆள்பலம், வரைபடம், உளவு எதுவும் சேர்ந்தே மாறவில்லை. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். அவர்கள் வருவது எதிரிக்கு வயர்லெஸ் வழியாக முன்பே தெரிந்திருந்தது. அந்த 29 பேரிடம் வீரத்தில் என்ன குறை கண்டீர்கள்?

கேத்தி
டிசம்பர் 8, காலை 7.15

ஜெகதளா சார், ஐ.பி.கே.எஃப்., அதாவது இலங்கை போன நம் அமைதிப்படை பற்றிப் பேசினால் அடுத்த பக்கத்தையும் பேச வேண்டும். யாழ்ப்பாண ஆஸ்பத்திரி.

ஜெகதளா
டிசம்பர் 8, காலை 8.30

பேசத்தான் வேண்டும். 1987 அக்டோபர் 21, 22. நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என ஏறக்குறைய 70 பேர் ஆஸ்பத்திரிக்குள் கொல்லப்பட்டார்கள். உள்ளிருந்து தங்களைச் சுட்டார்கள் என்பது ராணுவத் தரப்பு. அது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் விதி தீர்மானமாக இருக்கிறது: ஆஸ்பத்திரியைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தினால்கூட முதலில் எச்சரிக்கை, பிறகு நியாயமான அவகாசம், அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் பாதுகாப்பு போகும். நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 19-வது பிரிவு. வார்டில் படுத்திருப்பவனுக்கு அப்போதும் பாதுகாப்பு உண்டு. இதை ஓ குரூப்பில், வரைபடத்தில் ஆஸ்பத்திரியை வட்டமிட்டு, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். குண்டு பறக்கும்போது பிரிவு எண் யார் நினைவுக்கும் வராது.

அதே படையில் இன்னொன்றும் உண்டு. 54-வது டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், பேச்சுவார்த்தைக்கு வரும் புலிகள் தலைவரைச் சுட்டுவிடச் சொல்லித் தனக்குத் தகவல் வந்ததாகவும், வெள்ளைக் கொடியின் கீழ் வருபவரைச் சுட முடியாது என்று மறுத்ததாகவும் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். மேலே இருந்த டெபிந்தர் சிங்கும் அந்த மறுப்பை ஆதரித்தார் என்கிறார். சுட்டிருந்தால் போர் முன்பே முடிந்திருக்கும் என்று வாதாடுபவர்கள் இன்றும் உண்டு. பேச வருபவனை ஒருமுறை சுட்ட படையிடம் அதன்பின் எவனும் பேச வரமாட்டான், சரணடையவும் மாட்டான். அந்தக் கணக்கை ஜவான்தான் ரத்தத்தில் கட்டுவான்.

வண்டிச்சோலை
டிசம்பர் 8, காலை 9.50

சரி, மேலிடத்துக் கதை புரிகிறது. செக்போஸ்டில் நிற்கப்போகிற எங்கள் பையனுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஜெகதளா
டிசம்பர் 8, மதியம் 1.10

சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கும். ஆர்.ஓ.ஈ. அட்டை என்பார்கள். எப்போது சுடலாம் என்பதன் சுருக்கம். அது பயன்பட வேண்டுமென்றால் சில விஷயங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மொழி. மெட்ராஸ் ரெஜிமெண்டில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அட்டையில் ஆங்கிலம், உத்தரவு இந்தியில், எதிரே நிற்பவன் பேசுவது சுவாஹிலி. ஆகவே ‘நில், சுடுவேன்’ என்பதை உள்ளூர் மொழியில் வாய்க்குப் பழக்கமாகும்வரை சொல்லவைக்க வேண்டும். கிழக்குக் காங்கோவில் ‘சிமாமா, ஔ நிதாபிகா ரிசாசி’. அரபு பேசுமிடத்தில் ‘கிஃப்’. இரவில், மழையில், லாரி எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கிற குரலில்.

வரிசை. குரல் எச்சரிக்கை மூன்று முறை, பிறகு ஆளில்லாத பக்கமாக எச்சரிக்கைச் சூடு, பிறகுதான் குறிவைத்து, தேவையான அளவு மட்டும். யார் அனுமதி கொடுப்பது என்பதும் அட்டையில் இருக்க வேண்டும். சுட்ட பிறகு என்ன செய்வது என்பதைப் பலர் சொல்லிக்கொடுப்பதில்லை: சுடுவதை நிறுத்து, காயம்பட்டவன் யாராக இருந்தாலும் முதலுதவி, இடத்தைக் கலைக்காதே, எத்தனை ரவை போனது என்று எண்ணு, நேரத்தோடு அறிக்கை.

பயிற்சி. அட்டையை மனப்பாடம் ஒப்பிக்கவைப்பது வீண். கேள்வி போட வேண்டும். வண்டி நிற்காமல் வருகிறது, ஓட்டுபவன் குடித்திருக்கிறானா, வெடிகுண்டு வைத்திருக்கிறானா தெரியவில்லை, என்ன செய்வாய்? பத்து வயசுப் பையன் கல்லெறிகிறான். துப்பாக்கியைக் கீழே போட்டவன் திரும்பி ஓடுகிறான். நம் படையிலேயே பக்கத்துக் கம்பெனி ஜவான் ஒரு கடையில் ரேடியோவை எடுத்துப் பைக்குள் போடுகிறான். கடைசிக் கேள்விக்குத்தான் எல்லாரும் மௌனமாவார்கள்.

ஓட்டுப்பட்டரை
டிசம்பர் 8, மாலை 5.30

மூன்று முறை கத்திக்கொண்டு இருந்தால் அதற்குள் நம்ம ஆள் போய்விடுவானே சார். ஆர்.பி.ஜி. ராக்கெட் லாஞ்சரைத் தோளில் வைத்தவனிடம் சிமாமாவா?

ஜெகதளா
டிசம்பர் 8, மாலை 6.45

நியாயம். மேலே நான் எழுதியது அரைகுறை. திருத்திக்கொள்கிறேன். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால், எச்சரிக்கை கொடுத்தால் தன் ஆளோ காப்பாற்ற வேண்டிய ஆளோ செத்துவிடுவான் என்றால், எச்சரிக்கை இல்லாமல் நேரடியாகச் சுடலாம். தற்காப்பு உரிமையை எந்த அட்டையும் பறிப்பதில்லை. படிப்படியாக ஏறுவது என்பது நேரம் இருக்கும்போது. இந்த வரியை அட்டையின் மேலேயே தடித்த எழுத்தில் போட வேண்டும். அடியில் சிறிய எழுத்தில் போட்டால், நான் இப்போது செய்த தவறைத்தான் ஜவானும் செய்வான்.

2013 டிசம்பர் 19, தெற்கு சூடானில் அகோபோ. ஐ.நா. தளத்தில் தஞ்சம் புகுந்த சிவிலியன்களைக் கொல்ல ஆயுதக் கும்பல் பெரும் திரளாக வந்தது. காவலில் நின்றவர்கள் மிகக் குறைவு. நம்மவர் இருவர் அங்கே உயிரிழந்தார்கள். சிவிலியனைக் காக்க பலம் பயன்படுத்தலாம் என்று ஆணை இருந்தும், போதிய ஆளும் அரணும் இல்லாவிட்டால் அது காகிதம்தான். ஆணையும் ஆள்பலமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று கேட்பது அனுப்பும் நாட்டின் வேலை, நம் வேலையும்.

இன்று டிசம்பர் 8. 2021-ல் இதே நாள் நஞ்சப்பசத்திரத்துக்கு மேலே ஹெலிகாப்டர் விழுந்தபோது கம்பளியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடியது அந்தக் குடியிருப்பு மக்கள். அதில் ஸ்டாஃப் காலேஜுக்கு வந்துகொண்டிருந்த அன்றைய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் ராவத், காங்கோவில் ஐ.நா.வின் வடக்கு கிவு பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர். பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும், ஐ.நா. சாசனத்தின் ஏழாவது அத்தியாய ஆணையின் கீழ் நடந்த பணி அது.

கேத்தி
டிசம்பர் 9, காலை 6.50

கைதிகள் பற்றியும் எழுதுங்கள் சார். எங்கள் கேத்தியிலேயே போயர் போர்க் கைதிகளை வைத்திருந்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

ஜெகதளா
டிசம்பர் 9, இரவு 9.20

ஆமாம், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரோடு சண்டைபோட்டுப் பிடிபட்ட, டச்சு வழிவந்த போயர்களுக்குக் கேத்தியிலும் வெலிங்டனிலும் முகாம் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

கைதி கையில் வந்த முதல் பத்து நிமிடம்தான் முக்கியம். ஆயுதத்தை வாங்கு, உடம்பைச் சோதி. அதிகாரி, சிப்பாய், பெண்கள் என்று பிரி. தங்களுக்குள் பேசவிடாதே. எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த யூனிட் பிடித்தது என்று சீட்டு எழுதிக் கட்டு. சீக்கிரம் பின்னால் அனுப்பு. வழியில் அவனைக் காப்பாற்று, நம்மவர் கோபத்திலிருந்தும். அவன் சொல்லக் கடமைப்பட்டது பெயர், ரேங்க், பிறந்த தேதி, எண், அவ்வளவே. பணத்தை எடுப்பதென்றால் அதிகாரி உத்தரவும் ரசீதும் வேண்டும். சிகிச்சையில் காயத்தின் தீவிரத்தைப் பொறுத்தே வரிசை. நம் ஆளுக்கு விரல் போய், எதிரிக்கு வயிறு கிழிந்திருந்தால் முதலில் எதிரிதான்.

இப்போது அதிகம் கெடுவது செல்போனால். கைதியை முட்டிபோடவைத்து எடுத்த படம் வாட்ஸ்அப்பில் போகிறது. பொது வேடிக்கைக்கு ஆளாக்கக் கூடாது என்று மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 13-வது பிரிவு 1949-லேயே சொல்லிவிட்டது. அந்தப் படம் எதிர்ப்பக்கம் போய், நாளை நம் பையன் பிடிபட்டால் அவன் தலையில் விடியும். வீட்டுக்கு அப்படி ஒரு படம் வந்தால் ‘சபாஷ்’ போடாதீர்கள், மற்றவர்களுக்கும் அனுப்பாதீர்கள். அழித்துவிடு என்று அவனுக்குச் சொல்லாதீர்கள். கம்பெனி கமாண்டரிடம் போய்ச் சொல் என்று சொல்லுங்கள். அழித்தால் அது சாட்சியத்தை அழித்ததாக முடியும்.

1971-ல் ஏறக்குறைய 93,000 பேர் நம் கையில் இருந்தார்கள். கொள்ளை கூடாது, பெண்கள் பக்கம் கை போகக் கூடாது என்று மானெக்‌ஷாவிடமிருந்து ஆணை போயிருந்தது. அந்த ஆணையின் பலம், சொன்னவர் மீறியவனை விடமாட்டார் என்று கடைசி சிப்பாய்க்கும் தெரிந்திருந்ததில் இருக்கிறது.

வண்டிச்சோலை
டிசம்பர் 10, காலை 10.05

தவறு செய்தால் ஐ.நா.வே விசாரித்துத் தண்டிக்குமாம். அந்நிய நாட்டுக் கோர்ட்டில் நம் பையனை நிறுத்துவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.

ஜெகதளா
டிசம்பர் 10, இரவு 8.15

அப்படி நடக்காது அக்கா. நீலத் தொப்பி போட்டாலும் அவன் இந்திய ஜவான்தான். ஐ.நா. ஃபோர்ஸ் கமாண்டருக்கு இருப்பது பணியில் ஏவும் அதிகாரம். ஒழுங்கு நடவடிக்கையும் குற்ற விசாரணையும் அனுப்பிய நாட்டிடம். ராணுவச் சட்டம் 1950-ன் 70-வது பிரிவின்படி, சிவிலியனைக் கொலை செய்த குற்றமும் பாலியல் வன்கொடுமையும் இந்தியாவுக்குள் சாதாரணமாகக் கோர்ட் மார்ஷலுக்கு வராது. இந்தியாவுக்கு வெளியே நடந்தால் வரும். ‘வெளிநாட்டில் நடந்தது, யார் கேட்பது’ என்பதற்கு இடமே இல்லை. கைதி, காயம்பட்டவர், சிவிலியன் போன்று ஒப்பந்தம் பாதுகாக்கும் ஒருவரை மனமறிந்து கொல்வதற்கு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் 1960-ல் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

‘மேலதிகாரி சொன்னார், செய்தேன்’ என்பதும் நிற்காது. ராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவு கீழ்ப்படியச் சொல்வது சட்டப்படியான கட்டளைக்கு. ஆனால் இதை ஜவான் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். ஒரு சிப்பாய், கேப்டன் எதிரே நின்று ‘இது சட்டப்படி இல்லை சாப்’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். அதனால்தான் யூனிட்டின் தலைவரான சி.ஓ. முதல் நாளே, ஜவான்களைக் கூட்டிப் பேசும் சைனிக் சம்மேளனில் எல்லாரும் கேட்க, இப்படி ஒரு உத்தரவு வந்தால் என்னிடம் நேராக வா என்று சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்த யூனிட்டுக்கும் சொல்லாத யூனிட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

2016-ல் வந்த பாதுகாப்பு சபைத் தீர்மானம் 2272 இன்னொரு படி மேலே போகிறது. பாலியல் சுரண்டல் பரவலாக நடந்தது என்று நம்பத்தக்க சான்று இருந்தால் அந்த யூனிட்டையே திருப்பி அனுப்பலாம். ஒருவன் கெட்டால் ஊருக்கே அவப்பெயர். இதற்கு நேர் எதிரே நம் பெண்களின் போலீஸ் அணி இருக்கிறது. 2007 முதல் 2016 வரை லைபீரியாவில் இருந்த அந்த அணிதான் ஐ.நா.வின் முதல் முழுப் பெண்கள் அணி.

கோத்தகிரி
டிசம்பர் 11, மாலை 4.00

தெளிவு தெளிவு என்கிறீர்கள். எல்லாம் மேலிடத்தில் கேட்டுத்தான் செய்வது என்றால் களத்தில் இருப்பவனுக்கு மூளை எதற்கு?

ஜெகதளா
டிசம்பர் 11, இரவு 9.30

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடலாம் என்பது போல ஒலிக்கிறது. முடியாது. நோக்கமும் எல்லையும் தெளிவாக இருந்தால், வழியைக் களத்தில் இருப்பவன் முடிவுசெய்யலாம்.

1963 ஜனவரி, காங்கோவில் ஐ.நா. பணி. பிரிகேடியர் நொரோன்ஹா தலைமையில் நம் பிரிகேடு லுஃபிரா ஆற்றைக் கடந்து 3-ஆம் தேதி ஜாடோவில் நகருக்குள் போய்விட்டது. நியூயார்க்கில் இருந்த ஐ.நா. தலைமையகத்தோடு தகவல் தொடர்பு சீராக இல்லை. அங்கே அதிர்ச்சி, என்ன நடந்தது என்று பார்க்க ஐ.நா. உயரதிகாரி ரால்ஃப் பன்ச்சை அனுப்பினார்கள். களத்தில் நொரோன்ஹா எடுத்த முடிவு பலன் தந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று ஐந்தாவது தலைப்பில் முன்பே எழுதியிருந்தால் அந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது.

பொறுமையும் தலைமைதான். 2000-ல் சியரா லியோனின் கைலாஹுனில் 5/8 கூர்க்கா ரைஃபிள்ஸ் ஆட்கள் 75 நாள் கிளர்ச்சிக்காரர்களின் முற்றுகையில் இருந்தார்கள். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம் என்ற வழி இருந்தும் கொடுக்கவில்லை. அங்கே ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஜெட்லி பேச்சுவார்த்தையை முடிந்தவரை இழுத்து, படை சேர்ந்த பிறகு ஜூலை 15-ல் ஆபரேஷன் குக்ரி என்ற மீட்பு நடவடிக்கை. ஹவில்தார் கிருஷன் குமார் ஒருவரை இழந்தோம்.

கொரியாவையும் சொல்லிவிடுகிறேன், நம் தமிழர் தலைமை தாங்கியது. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜின் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். போனது சிகிச்சை செய்ய மட்டும். 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து எல்லாரும் பின்வாங்கியபோது மருத்துவச் சாமானை எரித்துவிட்டு வா என்றார்கள். கைவிடப்பட்ட ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிப் பாலத்தைத் தாண்டினார்கள். சாமான் போனால் பணியும் போனது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வண்டிச்சோலை
டிசம்பர் 13, காலை 11.20

கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டீர்கள். என் முதல் வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன? மார்ச்சுக்கு நாள் அதிகமில்லை.

ஜெகதளா
டிசம்பர் 13, இரவு 10.00

முதலில் காகிதம். கிண்ட்ரெட் ரோல் என்கிற குடும்பப் பதிவேட்டில் மனைவி, குழந்தை பெயர் இருக்கிறதா? கல்யாணமும் குழந்தை பிறப்பும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது யூனிட்டின் பதிவு உத்தரவில் வெளியானதா? கல்யாணத்துக்கு முன் அம்மாவை நாமினியாகப் போட்டுவிட்டு அப்படியே மறந்துபோவது மிகச் சாதாரணம். ஏதாவது ஆனால் மாமியாரும் மருமகளும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வாசலில் எதிரெதிரே நிற்பார்கள். குரூப் இன்ஷூரன்ஸ், பிராவிடன்ட் ஃபண்டு, வங்கி, மூன்றிலும் நாமினியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்; ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது. ஆதாரிலும் சர்வீஸ் ரெக்கார்டிலும் பெயரின் இனிஷியல் ஒன்றாக இருக்கட்டும். உயில் எழுதச் சொல்லுங்கள். அபசகுனம் என்று தள்ளாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்னாவது போட்டிருக்க வேண்டும். யூனிட்டே பார்த்துக்கொள்ளும். அட்டை பத்திரம், ஆயுளுக்கும் செல்லும்.

போன பிறகு: கிளம்பும் தேதி, இருக்கும் இடம், வண்டி எண், எதையும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். வீடியோ காலில் பின்னால் தெரிவதைப் படம் பிடிக்காதீர்கள். பார்சலில் பேட்டரி, லைட்டர், திரவம் வேண்டாம். வர்க்கி அனுப்பினால் தகர டப்பாவில், இடைவெளி இல்லாமல் அடைத்து.

ஓட்டுப்பட்டரை
டிசம்பர் 14, காலை 7.40

திரும்பி வந்த பிறகு மலேரியா பற்றி ஒரு வரி சேருங்கள் சார்.

ஜெகதளா
டிசம்பர் 14, காலை 8.10

விட்டுவிட்டேன், நன்றி. டாக்ஸிசைக்ளின் கொடுத்திருந்தால் ஊர் வந்த பிறகும் நான்கு வாரம் தினம் சாப்பிட வேண்டும். அங்கே பிளட்டூன் ஹவில்தார் எதிரே நின்று விழுங்கவைப்பார். லீவில் வீட்டுக்கு வந்தால் கேட்க ஆளில்லை, மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். பிறகு காய்ச்சல் வரும். நம் குளிரில் யாரும் மலேரியாவை முதலில் நினைக்கமாட்டார்கள், வைரல் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்புவார்கள். ஆப்பிரிக்க வகை மலேரியா ஓரிரு நாளில் மூளைக்கு ஏறிவிடலாம். வந்து மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் என்றாலும் ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர், ரத்தத்தில் மலேரியா பாருங்கள்’ என்று டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அன்றைக்கே வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும் விடாதீர்கள், மறுநாள் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.